படத்துக்கு வைத்த குங்குமம்

என் பிரியமான டீச்சரக்கா,

நீங்கள் கண்ணை மூடி இந்த ஐப்பசியோடு ஒரு வருஷம் ஆகிறது. நீங்கள் இருந்த பக்கத்து வீட்டுக்கு வேறு குடும்பம் வந்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் உங்கள் இடத்துக்குப் புது டிராயிங் டீச்சரும் வந்துவிட்டாராம். என்னிடம் விட்டுப்போன ஓவியப் பத்திரிகைக் கட்டு மட்டும் எங்கள் பீரோ மேல் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் காபிக்கு வந்தால் அதில் ஒரு பக்கத்தைத் திருப்பி, "தனம், இதுல என்ன தெரியுது?" என்பீர்கள். "நீங்களே சொல்லிருங்கக்கா, எனக்கு உலை கொதிக்குது" என்பேன். நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை?

போன வெள்ளிக்கிழமை மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன், தல்லாகுளத்தில் ஒரு ஹால் வாசலில் நவீன ஓவிய, புகைப்படக் கண்காட்சி என்று துணி கட்டியிருந்தது. உங்கள் ஞாபகத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.

முதலில் போட்டோக்கள். ஒன்றில் டவுன் பஸ் கம்பியைப் பிடித்த கைகள் மட்டும். ஒரு முகம்கூட இல்லை. நம் ஸ்டூடியோக்காரர் இப்படி எடுத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்போம். ஆனாலும் நகர முடியவில்லை அக்கா. எந்தக் கை காலையிலேயே களைத்துப்போனது, எந்தக் கை புது வளையல் போட்டது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். முகம் இருந்திருந்தால் கையைப் பார்த்திருப்பேனா?

அடுத்து, என் உயரத்துக்கு ஒரு படம். முழுக்க இருட்டு, ஓரமெல்லாம் பாசிப் பச்சை, நடுவே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. தீபாராதனையில் அம்மன் மூக்குத்தி மினுங்குமே, அதேதான். கோயிலில் மீந்த குங்குமத்தைத் தூணில் தடவிப் பழகிய கைதானே இது? அன்று குங்குமப் பொட்டலம் பஸ்ஸிலேயே பிரிந்து விரலெல்லாம் சிவப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அடுத்த நொடி விரல் தானாகப் போய்ப் புள்ளிக்கு மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டது.

"யம்மோவ்! என்ன காரியம் பண்ணிட்டீக!" என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"கோயில் தூணுன்னு நெனச்சுட்டாக போல" என்று பேண்ட் போட்ட ஒருவர் சிரித்தார்.

படம் வரைந்த பெண் வந்தாள். சின்னப் பெண். திட்டுவாள் என்று பார்த்தால், "ஏன்க்கா வச்சீங்க?" என்று கேட்டாள்.

"அம்மன் மூக்குத்தி தெரிஞ்சுச்சும்மா. கை தானா போயிருச்சு."

"இது வாடிப்பட்டியில எங்க தோட்டத்துக் கிணறுக்கா. ராத்திரி எட்டிப் பாத்தா தண்ணியில ஒரு நட்சத்திரம் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "நாளைக்கு எங்கப்பா வாராரு. மெட்ராசுல ஓவியம் படிக்கணும்னு கேட்டிருக்கேன். இந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் அனுப்புறதா வேணாமான்னு சொல்லுவாராம்."

முந்தானையால் துடைக்கப் போனேன். தேய்த்தால் பரவும் என்று தடுத்து, காய்ந்த தூரிகை ஒன்றைக் கொடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டித் தட்டி எடுத்தேன். லேசான சிவப்பு மட்டும் போகவே மாட்டேன் என்றது.

மறுநாள் இருப்புக் கொள்ளாமல் மறுபடி போனேன். முதல் நாள் பஸ் செலவை வீட்டுக் கணக்கில் 'கோயில்' என்று எழுதிவிட்டேன்; இரண்டாம் நாளுக்கு என்ன பேர் போடுவது என்று இன்னும் தெரியவில்லை. அவள் அப்பா வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாகப் படத்தின் முன்னால் நின்றார்.

"என்னத்தா இது, அம்புட்டும் இருட்டா இருக்கு? எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அவள் பதில் சொல்லவில்லை. உங்களை மாதிரியே.

அவர் இன்னும் கிட்டே போனார். குனிந்தார். அப்போதுதான் பார்த்தேன் அக்கா, அவர் கை எழுந்து சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கிணற்றை எட்டிப் பார்க்கிறவர்கள் பையில் இருக்கிற கண்ணாடி தவறி விழுந்துவிடாமல் பிடிப்பார்களே, அப்படி! என் கை போன மாதிரியே அவர் கையும் தானாகப் போயிருந்தது.

அவரும் அதைக் கவனித்துவிட்டார். கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நம்ம கெணறாத்தா?" என்றார் மெதுவாக. பிறகு, "இதென்ன செவப்பு?"

"நான் வச்ச குங்குமம்ண்ணே. தெரியாம வச்சுட்டேன்."

"கெணத்துக்கு வைக்கிறதுதானே தாயி" என்றவர், மகள் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "மெட்ராசுல பொம்பளப் புள்ளைகளுக்கு ஹாஸ்டல் இருக்கா?"

அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

வாசலில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். கிணறும் தெரிந்தது, மூக்குத்தியும் தெரிந்தது. அவள் கிணற்றைத்தான் வரைந்தாள் என்றால் அம்மன் எப்படி அங்கே வந்தாள்? இதற்காகத்தான் நீங்கள் பதில் சொல்லாமலே இருந்தீர்களா?

பத்திரிகைக் கட்டைக் கீழே இறக்கிவிட்டேன். இனி வெள்ளிதோறும் விளக்கேற்றியதும் ஒரு பக்கம் திருப்புவேன். என்ன தெரிகிறது என்று உங்களுக்கு வாய்விட்டுச் சொல்வேன். உலை கொதித்தால் கொதிக்கட்டும். இன்றைக்குத் திருப்பிய பக்கத்தில் ஒரே மஞ்சள், வேறொன்றும் இல்லை. எனக்கு அதில் நீங்கள் மாடியில் காயப்போட்டு மறந்துபோன சேலை தெரிகிறது.

உங்கள் அடுத்த வீட்டுத் தங்கச்சி,
தனம்