ஞாயிற்றுக்கிழமை வராத மூச்சு

உத்திரமேரூர்,
22.9.2024

அன்புள்ள பத்மஜா மேடத்துக்கு,

ஏஞ்சல் எழுதிக்கொள்வது. இனி நான் பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி உங்களுக்கு எழுதுவேன். பயமாக இருந்தாலும் எழுதுவேன்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. நீங்கள் வேறு ஆள் போடும்வரை, அப்பா பார்த்துவந்த நம் வயல் கம்பத்தின் மெமரி கார்டை நானே மாற்றித் தபாலில் அனுப்புகிறேன். இத்துடன் முதல் கார்டு. நாற்று நட்டாகிவிட்டது. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். கம்பத்தின் மேலிருக்கும் கருவியைத் துணியால் துடைத்தேன், கையால் தொடவில்லை.

அம்மாவுக்கு அந்தக் கருவி என்ன செய்கிறது என்று இத்தனை நாள் தெரியாதாம். பகலில் பயிர் கரியமில வாயுவை உள்ளே இழுத்து ஈரத்தை வெளியே விடுகிறது, இரவில் வயல் முழுவதும் மூச்சு விடுகிறது, அதையெல்லாம் இது அளக்கிறது என்று நீங்கள் சொன்ன மாதிரியே போன வாரம் சொன்னேன். அம்மா வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்கப்பன் அங்கியே குந்திக்கினு இருந்தாரே. அவரு வுட்ட மூச்சும் அதுக்குள்ள கீதா?" என்று கேட்டார்.

"கீது" என்றேன். எண்களாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிறு தவிர தினமும் மாலையில் மாதா கோயில் டியூஷனுக்குப் போகிறேன். வீடு திரும்ப ஏழாகிறது. அதனால் காலையில்தான் கம்பத்தைப் பார்க்க முடிகிறது.

பணிவுடன்,
பெ. ஏஞ்சல், ஒன்பதாம் வகுப்பு

&nbsp;

சென்னை,
28.9.2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

கார்டு பத்திரமாக வந்தது. உன் கையெழுத்து உன் அப்பா சொன்னதைவிட அழகாக இருக்கிறது. அவர் எனக்குப் போன் செய்யும்போதெல்லாம் உன் மார்க்கைச் சொல்லிவிட்டுத்தான் வயலைப் பற்றிச் சொல்வார்.

ஒரு சின்னக் குறை. கார்டைப் பார்த்தால், மாலையில் காற்று அடங்கும் நேரத்தில் யாரோ கம்பத்தடியில், உன் அப்பா உட்காரும் பேட்டரிப் பெட்டியின் மேல், உட்காருகிறார்கள் போலிருக்கிறது. மனித மூச்சு பட்டால் கணக்கு கெட்டுவிடும். உன் அப்பாவிடமும் இதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "மிஷினுக்கு என் மூச்சு புடிக்கலியா மேடம்?" என்று சிரிப்பார். அவர் அங்கே உட்கார்ந்த நேரங்களை என் கணினி பிழை என்று வெட்டி ஒதுக்கிவிடும்.

யார் வருகிறார்கள் என்று பார்த்து, அன்பாகச் சொல்லி அனுப்பிவிடு.

அன்புடன்,
பத்மஜா

&nbsp;

உத்திரமேரூர்,
6.10.2024

அன்புள்ள மேடத்துக்கு,

யாரும் வருவதில்லை மேடம். விசாரித்துவிட்டேன்.

ஏரி மதகு திறந்துவிடும் எல்லப்பன் மாமா மட்டும் ஒன்று சொன்னார். மடை பார்க்கப் போனவர் பொழுது சாய்கிற நேரத்தில் கம்பத்துப் பக்கம் இருமல் சத்தம் கேட்டாராம். "உங்கப்பன் பெஞ்சமின் இருமலு எனக்குத் தெரியாதா பாப்பா? ரெண்டு வருசமா கேட்டுக்கினு கீறேன். மம்பட்டிய அங்கியே போட்டுட்டு வந்துட்டேன். நீ போய் எடுத்தாந்து குடு" என்றார். அவர் எதற்கும் சிரிக்கிறவர். அன்று சிரிக்கவில்லை. மண்வெட்டியை நான்தான் காலையில் எடுத்து வந்தேன். பேட்டரிப் பெட்டியின் மூடியில் பனி படிந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் பனி இல்லை.

வரப்பில் சாம்பல் தூவி வைத்தால் கால் தடம் தெரியும் என்று எல்லப்பன் மாமா யோசனை சொன்னார். அம்மாவிடம் சொன்னதும் அடுப்புச் சாம்பலைச் சலித்து அவரே கொடுத்தார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூவினேன். காலையில் ஒரு தடமும் இல்லை. கொக்கு நடந்த தடம்கூட இல்லை.

இத்துடன் இருக்கும் கார்டில் அந்த நாட்களிலும் மூச்சு வந்திருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஏஞ்சல்

&nbsp;

சென்னை,
14.10.2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

நீ உள்ளதை எழுதுகிறாய், நானும் மறைக்கக் கூடாது. அந்த இரண்டு நாளும் வந்திருக்கிறது.

நெருப்பாக இருக்குமோ என்று பார்த்தேன். நெருப்பு என்றால் சூடும் சேர்ந்து ஏறும். இதில் கரியமில வாயுவும் ஈரமும் மட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன. அது மூச்சுதான். கருவி ஒரு நொடிக்குப் பத்து முறை அளப்பதால் அந்த மூச்சின் உருவமே தெரிகிறது. சின்னச் சின்னதாக நான்கு வெட்டு. பிறகு ஒரு நீண்ட இழுப்பு. பழைய கார்டு எதையாவது அழிக்காமல் உனக்கு அனுப்பிவிட்டேனோ என்றும் சரிபார்த்தேன். இல்லை. புதன்கிழமை உங்கள் ஊரில் பெய்த மழை அதே கார்டில் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அது வருவதில்லை.

நீ தனியாக அங்கே போகாதே.

பத்மஜா

&nbsp;

உத்திரமேரூர்,
20.10.2024

அன்புள்ள மேடத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசைக்குப் போவார். மற்ற நாளில் கம்பத்தடியில் இருப்பார். அதனால் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

நான்கு இருமல், ஓர் இழுப்பு. அது அப்பாவின் இருமல்தான் மேடம். கிரஷரில் கல் உடைத்த தூசு நெஞ்சில் படிந்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னார். அப்பா இருந்தபோது இரவில் நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன். இழுப்பு வந்தால்தான் தூங்குவேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "அவரு யாரை இன்னா பண்ணப் போறாரு? உம்பாட்டுக்குப் படி" என்றார்.

ஒரு வேண்டுகோள். அப்பாவின் மூச்சைக் கணினி வெட்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். வெட்டியது எங்காவது இருக்குமா? இருந்தால் இப்போது வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பாதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். கார்டு இத்துடன் இருக்கிறது.

ஏஞ்சல்

&nbsp;

சென்னை,
28.10.2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

உன்னை எல்லப்பனின் போனில் கூப்பிட்டே நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இதை நீ மட்டும், நிதானமாகப் படிக்க வேண்டும்.

வெட்டியவை ஒரு கோப்பில் இருந்தன. உன் அப்பாவின் இரண்டு வருட மாலைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலில் நான்கு வெட்டு, ஓர் இழுப்பு. மாதம் போகப் போக வெட்டுகள் கூடுகின்றன, இழுப்பு குட்டையாகிறது. கடைசி வாரத்தில் இழுப்பே இல்லை.

இப்போது வருவது கடைசி வாரத்தைப் போல இல்லை. தொடக்கத்தைப் போல இருக்கிறது. இறந்தவரின் நோய் பின்னால் போகாது, ஏஞ்சல். இது அப்பா இல்லை. உன் அப்பா இரண்டு வருடம் முன்பு இருந்த இடத்தில் இப்போது நிற்கும் வேறு ஒருவர். உயிரோடு இருப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை காலையில்தானே? மாலையில் நீ எங்கே இருக்கிறாய்? டியூஷன் இல்லாததால் வீட்டில்.

உன் அம்மாவும் அந்தக் கிரஷரில் வேலை செய்தாரா?

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த நெஞ்சு நோய் டாக்டர் இருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை காலையில் அம்மாவை அழைத்து வா, அங்கே வாசலில் நிற்பேன்.

பத்மஜா

&nbsp;

உத்திரமேரூர்,
3.11.2024

அன்புள்ள மேடத்துக்கு,

சனிக்கிழமை டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆடு இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது. அம்மா வரப்பில் வரவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நடந்து வந்தார். பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். கருவியை அண்ணாந்து பார்த்தார். பிறகு இருமினார். நான்கு முறை. நான் எண்ணினேன். இழுப்பு வந்தது.

நான் கிட்டே போனதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டேன்.

"உங்கப்பன் உசுரோட இருக்கச் சொல்லவே கீது. ரெண்டு பேரும் ஒரே தூசைத்தானே தின்னோம்."

"ஏன் சொல்லல?"

"நீ நைட்ல அவரு இருமலை எண்ணிக்கினு படுத்திருப்ப. எனக்குத் தெரியாதா? வூட்ல இருமினா என்னுதையும் எண்ணுவ. அதான் பகலெல்லாம் அடக்கி வச்சிக்கினு இங்க வந்து இருமிட்டுப் போறேன். அவரு மூச்சு வேற இதுக்குள்ள கீதுன்னியே. தொணையா இருக்கும்னு பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தலையணையைக் கடித்துக்கொள்வாராம்.

ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். "இன்னா கண்டுபுடிக்கப் போறாங்க? எனக்கே தெரியும்." உங்கள் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். 'தொடக்கத்தைப் போல' என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். "அப்ப அவருக்கும் முன்னாடியே காட்டியிருக்கலாம்" என்றார். பிறகு நல்ல புடவையை எடுத்துக் கொடியில் போட்டார்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறோம். இந்தக் கடிதத்தையும் கார்டையும் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன். அம்மாவின் மூச்சை வெட்டாதீர்கள், டாக்டருக்குக் காட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதுவதாகச் சொன்னேன், அதனால் இதையும் எழுதுகிறேன். இன்று ஞாயிறு. மாலை முழுவதும் அம்மாவும் நானும் வீட்டில்தான் இருந்தோம். இருட்டும் நேரத்தில் நான் கார்டை எடுக்கப் போனபோது பேட்டரிப் பெட்டியின் மூடி பனியில் ஈரமாக இருந்தது. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது. இன்றைய மாலையைப் பார்த்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அம்மா மறைக்காமல் இருமுகிறார். நான் எண்ணவில்லை. விளக்கை அணைத்துவிட்டோம்.

ஏஞ்சல்