பார்க்கவில்லை என்று சொன்னாய், மச்சான்

மச்சான்,

நேற்று கீரப்பாளையத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அறுத்த வயல்களில் தாளைக் கொளுத்தியிருந்தார்கள். புகை பஸ்ஸுக்குள் புகுந்தது. எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள், நான் சாத்தவில்லை. சாலையும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. அந்தப் புகைக்குள் எனக்கு நீ சொன்ன வானம்தான் தெரிந்தது.

சிதம்பரத்தில் ஒரே பெஞ்சில் படித்தோம். படிப்பு முடிந்ததும் நீ லால்பேட்டையிலிருந்து கிளம்பி, பினாங்கில் உன் அத்தா வைத்திருந்த துணிக்கடைக்குப் போனாய். வேலையில்லாமல் கடலூரைச் சுற்றிக்கொண்டிருந்த என் தம்பி சண்முகத்தையும் கூட்டிக்கொண்டாய். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கோமதியை எங்களிடம் விட்டுவிட்டுத்தான் அவன் கப்பலேறினான். அங்கே உனக்கு என்ன பைத்தியம் பிடித்ததோ, விமானம் ஓட்டச் சொல்லித்தரும் கிளப் ஒன்றில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாய். சைக்கிளில் மூன்று பேரை ஏற்றிப் போலீசில் மாட்டியவன் ஆகாயத்தில் யாரிடம் மாட்டப்போகிறானோ என்று கேலியாக எழுதினேன். அந்த வரி இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

நீ வழி கண்டுபிடிக்கும் முறையும் சைக்கிள் காலத்து முறைதான். வீராணம் ஏரிக்கரையில் வரும்போது பள்ளிவாசல் மினாரா தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்பாய். பினாங்கிலும் விமானத் திடலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிவாசல் இருந்ததாம். அதன் மினாரா தெரிந்தால் இறங்க வேண்டியதுதான்.

அறுபதுகளின் நடுவில் அந்த நாட்டுக்கும் எதிர்க்கரை நாட்டுக்கும் பகை மூண்டிருந்தது. எதிர்க்கரைப் பக்கம் யாரும் பறக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தை ஏற்றிக்கொண்டு சும்மா ஒரு சுற்று சுற்றக் கிளம்பினாய். காடு எரிந்த புகை கடல்மேல் கவிந்து திசை தப்பிவிட்டது. நீ போகும் பக்கம் தப்பு என்று திசைகாட்டி சொல்லிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் புகை விலகிய இடத்தில் ஒரு மினாரா தெரிந்தது. நீ மினாராவை நம்பினாய். அது எதிர்க்கரைப் பள்ளிவாசல். அதை ஒட்டி அவர்களுடைய ராணுவ முகாம். தாழ்ந்து வந்த விமானத்தைக் கீழேயிருந்து சுட்டார்கள். எப்படியோ சேற்றில் இறக்கினாய்.

பகை தீர்ந்து, சிறைபிடித்து வைத்திருந்த உன்னை விடுதலை செய்ததும் நேரே எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாய். சண்முகத்தைப் பற்றி அதுவரை எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. கூடம் நிறைய உறவுக்காரர்கள். செத்துவிட்டான் என்று உன் வாயிலிருந்து வந்தால் கோமதியின் தாலியை இறக்க நாள் குறித்துவிடலாம் என்று காத்திருந்தார்கள். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். இருபது வயது, நெற்றியில் பொட்டு, தலையில் கனகாம்பரம். நீ ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தாய்.

"எறங்கினதும் தனித்தனி வண்டியில ஏத்திட்டாங்க. அப்புறம் அவன நான் பாக்கல," என்றாய்.

என் சித்தப்பா விடவில்லை. உயிரோடு இருந்தானா, அதையாவது சொல் என்று குடைந்தார். வண்டியில் ஏறும்போது உயிரோடுதான் இருந்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாய். யாரும் நாள் குறிக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் தனியாக வந்து நிற்கிறான், போனவன் என்ன ஆனான் என்றுகூடத் தெரியாதாம். சில மாதம் கழித்துச் சிதம்பரம் கீழவீதியில் நீ எதிரே வந்தபோது சட்டையைப் பிடித்துவிட்டேன். பூக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நீ என் கையை விலக்கவில்லை. ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னாய்.

"என் மடியிலதான் மச்சான் போனான். கொளுத்த விடமாட்டேன்னுட்டாங்க. அந்தப் பள்ளிவாசல் மையவாடியிலயே அடக்கம் பண்ணேன். உங்க மந்திரம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சத ஓதினேன்."

நான் அழுது முடித்து நிமிர்ந்தபோது, கோமதிக்கு மட்டும் தெரிய வாணாம் என்று சொன்னாய். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நீ பள்ளிவாசலுக்குத் தலையைக் குனிந்துகொண்டேதான் போவாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள். நான் ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடலில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது, மனசுக்குள் சண்முகத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

கோமதிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நரையில் பூ வைத்துக்கொள்கிறாள். கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நேற்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே உன் பேச்சை எடுத்தாள். கடைசி வரைக்கும் நீ பார்க்கவில்லை என்றுதான் சொன்னாயா என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன்.

"பொய் சொல்லத் தெரியாத மனுஷர் மாமா அவுரு," என்றாள். "அவுரு சொன்னத நம்பித்தான் நான் இத்தன வருஷம் இருக்கேன்."

சோறு இறங்கவில்லை, மச்சான். நீ பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டாய். இப்போது இது எனக்கு மட்டுமே தெரிந்த சாவு. வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது, என்றைக்காவது உளறிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு இருக்கும் ஒரே துணை அவள்தான். அவளை எனக்கு முன்னால் கூப்பிட்டுக்கொள் என்று சாமியிடம் கேட்கிறேன். பூவும் பொட்டுமாகப் போகட்டும்.