மைனி கேட்ட ஒரு குடம் தண்ணீர்

மைனி,

இன்று அன்பியக் கூட்டம் நம் வீட்டில். தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அதே கூட்டம்தான். அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கிறது. சுக்கு மணம் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்து அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிக்குன்குனியா ஊரையே முடக்கிப் போட்ட வருடம் உங்களுக்கும் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் நொண்டி நொண்டி எழுந்துவிட்டார்கள், நீங்கள் எழவில்லை. தலையில் மீன் கடவப் பெட்டியோடு வடசேரிச் சந்தை பஸ்ஸில் முதல் ஆளாக ஏறும் உங்களுக்கு, தலை சீவி முடிப்பதற்குள் கை தளர்ந்தது. ஒரு நாள் எழுந்து குழம்பு வைத்தால் அடுத்த நாலு நாள் கட்டில்தான். ஊருக்கு அந்த ஒரு நாள் மட்டும் கண்ணில் பட்டது. "நேத்து நின்னு மீன் அறுத்தாளே, இன்னைக்கு என்ன வந்துச்சாம்?" என்றார்கள். உங்களைக் கட்டிய என் அண்ணன் வளைகுடாவில் இருந்ததால், கேட்க ஆளில்லாத சோம்பல் என்றும் ஒரு பேச்சு. அந்த வாய்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாகர்கோவிலில் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள்: "எல்லாம் நார்மல்னு எழுதித் தந்துட்டாவ மக்கா. இனி எவளும் நம்ப மாட்டா."

பிறகு நம் வீட்டில் கூட்டம் கூடும் முறை வந்தது. நீங்கள் எழுந்து நடக்க வேண்டும் என்று எல்லாரும் முழங்காலிட்டு உருகினார்கள். முடிந்ததும் கட்டிலில் படுத்தபடியே கேட்டீர்கள்: "ஜெபத்த வேண்டாம்னு சொல்லல. போவும்போ ஆளுக்கு ஒரு குடம் தண்ணி எடுத்து வச்சிட்டுப் போங்க. சீக்காளி கெடக்க எல்லா வீட்டுக்கும் நம்ம அன்பியம் இதச் செய்யணும்."

"தண்ணி எடுக்க நாத்தனா இல்லியா?" என்றார் அன்பியத் தலைவி. "நாத்தனா எடுக்கத்தான் செய்யா. நீங்க எதுக்கு இருக்கிய?" என்று நான் கேட்டதும் நீங்கள் சிரித்துவிட்டீர்கள். அன்று நாலு பேர் தெருக்குழாய்க்குப் போனார்கள். கொஞ்ச நாள் அது ஓடியது. பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

நெஞ்சு அடைக்கிறது என்று நீங்கள் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியில் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "இது உங்களுக்கு எப்பவும் உள்ள அசதிதான்" என்று திருப்பி அனுப்பினார்கள். நான் சண்டை போட்டேன். "விடு மக்கா, எனக்குப் பேசத் தெம்பில்ல" என்று என் கையைப் பிடித்து இழுத்தீர்கள். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை. அடக்கத்துக்கு மட்டும் ஊரே திரண்டு வந்தது.

இப்போது கடைசி வீட்டு மருமகள் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு உங்களைப் போலவே கிடக்கிறாள். அவளைப் பற்றியும் அதே பேச்சு கிளம்பிவிட்டது. இன்று ஜெபம் தொடங்கும் முன்பே எழுந்து, அவள் நடிக்கவில்லை என்று சொல்லப் போகிறேன். இன்னும் நாலு பேரையாவது அதைச் சொல்ல வைக்காமல் உட்காரமாட்டேன். உங்களை நான் முழுசாக நம்பினேன் மைனி. ஒருத்தி நம்பியது போதவில்லை.