தனி எண்ணெயில் ஒரு தட்டு பஜ்ஜி

1974 ஜனவரி 25, வெள்ளி

வேலும் மயிலும் துணை.

கடும் பனி. கோலம் போட்டு எழுந்திருப்பதற்குள் முந்தானை ஈரம். முத்தாபுதுப்பேட்டையை வெயில் எட்டிப் பார்க்கும்போது மணி எட்டரை.

செய்ய வேண்டியவை:
வசந்தாவின் பச்சை ரவிக்கைக்குக் கொக்கி.
நல்லெண்ணெய், ஒரு புட்டி தனியாக.
நாளை கரையான்சாவடி. அவளிடம் சொல்லாமல்.

தரகர் வந்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் கரையான்சாவடித் திடலில் நடக்கிற பொருட்காட்சியில் எங்கள் வசந்தாவும் பையனும் பார்த்துக்கொள்ளலாமாம். பையன் தனபால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். வீடு சென்னீர்குப்பம். அப்பா இல்லை. அம்மா ருக்மணி மட்டும். "ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல கீது. புடிச்சா மேல பேசலாம். புடிக்கலியா, ராட்டினம் சுத்திட்டு அவங்கவங்க ஊட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்" என்கிறார்.

இவருக்கு ஒரே சந்தோஷம். ஃபேக்டரிக்குப் போகும்போது சைக்கிள் மணியை நாலு தரம் அடித்துவிட்டுப் போனார்.

எனக்குத்தான் கவலை. பொருட்காட்சிக்குப் போய்விட்டு தின்னாமல் யார் வருகிறார்கள்? அங்கே எல்லாம் கடலை எண்ணெய்.

வசந்தாவுக்கு வேர்க்கடலை ஆகாது. ஐந்து வயதில் ஒரு பிடி தின்று முகம் வீங்கி, மூச்சு இழுத்து, பிழைத்தது முருகன் கருணை. அலர்ஜி என்று டாக்டர் சொன்னது வேர்க்கடலைப் பருப்பைத்தான். செக்கில் ஆட்டும் கடலை எண்ணெயும் ஆகாது என்று கண்டுபிடித்தது என் நோட்டு. என்ன தின்றாள், என்ன ஆயிற்று, தேதி போட்டு பதினாலு வருஷக் கணக்கு. பஜ்ஜிக்குப் போடும் கடலை மாவு ஒன்றும் செய்யாது, அது கடலைப்பருப்பு. எண்ணெய்தான் எமன்.

போன வருஷம் ஒரு இடம் வந்தது. உண்மையைச் சொன்னேன். "நோவுக்காரப் பொண்ணு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தத் தரம் வாயைத் திறக்கப் போவதில்லை. முடிச்சுப் போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

26, சனி

கொடி ஏற்றும் நாள். இவருக்கு லீவு. பெருமாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு பூந்தமல்லி பஸ் ஏறினேன். கோயிலுக்கும் போனேன், பொய்யில்லை.

திடலில் நல்ல கூட்டம். ராட்டினம், கிளி ஜோசியம், உருவத்தைக் கோணலாகக் காட்டும் கண்ணாடிக் கொட்டகை. கடைசியில் சாப்பாட்டுக் கொட்டகை. பஜ்ஜிக் கடை பூந்தமல்லி பாய் ஒருவருடையது. வெள்ளைத் தாடி, கோயில் மணி மாதிரிக் குரல்.

"இன்னா எண்ணெயில போடுறீங்க பாய்?"

"கலப்படம் கெடையாதும்மா. சுத்தமான செக்குக் கடலெண்ண. பூந்தமல்லி பூரா கேட்டுப் பாருங்க!"

விஷயத்தைச் சொன்னேன். நாளை வரும் பெண்ணுக்கு மட்டும் இந்த நல்லெண்ணெயில் ஒரு தட்டு போட வேண்டும் என்று புட்டியை நீட்டினேன். அவர் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"எண்ண சரி, சட்டி? இதுல கடலெண்ண ஊறிப்போயி கீதேம்மா. ஊட்லேர்ந்து புதுச் சட்டி எடுத்தாரேன். ஜல்லிக் கரண்டியும் வேற."

எனக்கே தோன்றாதது. பெரிய மனசு. "பச்சப் பொடவ கட்டியிருப்பா, யாருக்கும் தெரியாம அவகிட்ட குடுத்துடுங்க" என்றேன். "எங்கிட்ட சொல்லிட்டீங்க இல்ல? நிம்மதியா போங்க" என்றார். நிம்மதியாக வந்தேன்.

28, திங்கள்

நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது இவர் வேலைக்குப் போயாயிற்று. வசந்தா தையல் மிஷினில். முழு விவரம் எழுதி வைக்கிறேன்.

நாலரை பஸ். தனபால் ஒல்லி. மூக்கின் மேல் வியர்வை. துடைக்கக் கூச்சம். ருக்மணி அம்மா உயரம், பாக்குக் கலர்ப் புடவை, வாய் நிறையப் பேச்சு. என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். பிடித்துப் போயிற்று எனக்கு.

பிள்ளைகள் இரண்டும் கண்ணாடிக் கொட்டகைக்குள் போய்ச் சிரித்துக்கொண்டே வெளியில் வந்தார்கள். வசந்தா அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது.

பிறகு சாப்பாட்டுக் கொட்டகை. நான் பெஞ்சில் இடம் பிடிப்பதற்குள் ருக்மணி அம்மா பக்கத்துக் கடையில் டெல்லி அப்பளம் வாங்கி வந்துவிட்டார்கள். முறம் அளவு. எண்ணெய் சொட்டுகிறது. ஒரு விள்ளல் ஒடித்து, "தா கண்ணு, மொதத் துண்டு உனக்குத்தான்" என்று நீட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பார்த்து "சம்மதமா" என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பையனைப் பெற்றவள் தின்னக் கொடுப்பாள். வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்காவிட்டால், எழுந்து போக வேண்டியதுதான். தரகர் முதல் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். பஜ்ஜியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் இதை மறந்தேன்.

வசந்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாங்க."

ருக்மணி அம்மாவின் கை அப்படியே நிற்கிறது. நான் முந்திக்கொண்டு, "அவளுக்கு இன்னிக்கு விரதங்க. முருகனுக்கு வேண்டிக்கிட்டா" என்றேன்.

அந்த முகம் எப்படி மலர்ந்தது! "அப்டியா கண்ணு! இந்தக் காலத்துல யாரு விரதம் கிரதம்னு கீறாங்க!" என்று கன்னத்தைத் தடவினார்கள். தனபால்கூட நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். பாய் வந்தார். தட்டில் ஆறு பஜ்ஜி, ஆவி பறக்கிறது.

"அம்மா குடுத்த நல்லெண்ணெயில, புதுச் சட்டியில, தனியா போட்டது! பச்சப் பொடவப் பொண்ணுக்கு! சூடு ஆறங்காட்டியும் சாப்புடு தாயி!"

கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"விரதம்னீங்களே?" என்றார்கள் ருக்மணி அம்மா.

நான் பாயிடமிருந்து தட்டை வாங்கிப் பெஞ்சில் வைத்தேன்.

"பாய் குடுத்தா விரதம் முறிஞ்சிடாதா? எங்க கையி இன்னா, நாறுதா?" அப்பளத்தைப் பெஞ்சின் மேல் வைத்தார்கள். "டேய் தனபாலு. வாடா."

போகும்போது பையன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான்.

இவர் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு பஜ்ஜியையும் தின்றார். "பாவம் பாய், புதுச் சட்டி வச்சுப் போட்டாரு. வீணாப் போவலாமா?" பஸ் ஏறினோம். ஸ்டாப்பில் இறங்கிய பிறகு இவர்தான், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாய் வாயில ஒரு பஜ்ஜிய வச்சு அடச்சிருப்பேன் இல்ல?" என்றார். சிரிக்க வைக்கப் பார்க்கிறார். எனக்கு அழுகை வந்தது.

29, செவ்வாய்

சஷ்டி. ஞாயிற்றுக்கிழமை வாயால் சொன்ன விரதத்தை இன்று நான் இருக்கிறேன். பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அவன் பேரில் பொய் சொன்ன நாக்கு காயட்டும்.

காலை தரகர். வாசற்படி தாண்டவில்லை. "பொண்ணுக்கு இஷ்டம் இல்லன்னு அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்க. நீட்டுன கைக்கு மருவாத இல்லன்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"வுடுப்பா, வேற எடமா இல்ல?" என்று இவர் அவரை அனுப்பி வைத்தார்.

மிஷின் சத்தம் நின்றது. வசந்தா எழுந்து வந்தாள்.

"எனக்கு இஷ்டமில்லன்னு உங்களுக்கு யார் சொன்னது நைனா?"

இவர் விழித்தார்.

"அந்தக் கண்ணாடில அவரு குள்ளமா, குண்டா தெரிஞ்சாரு. அத்தப் பாத்து அவரே வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. தன்னப் பாத்துத் தானே சிரிக்கிற ஆம்பளைய இப்பதான் பாக்கறேன்."

"அப்ப நானு?"

"நீங்க எங்க கண்ணாடி பாக்கறீங்க? தாடியக்கூடக் குத்துமதிப்பா வழிக்கிறீங்க."

இவர் தாடையைத் தடவிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நானே சொல்லியிருப்பேம்மா. வாயத் தொறக்கறதுக்குள்ள நீ முந்திக்கின."

பதினாலு வருஷமாக அவளுக்கு முன்னால் என் வாய்தான் போகிறது. கல்யாண வீடு, கோயில், பள்ளிக்கூடம். எல்லா இடத்திலும் "அவளுக்கு வேணாங்க" என்றது நான். பத்தொன்பது வயதாகிவிட்டது அவளுக்கு.

31, வியாழன்

சென்னீர்குப்பம் போய் வந்தேன். கூப்பிடாமல் பையன் வீட்டுப் படியைப் பெண்ணைப் பெற்றவள் ஏறுவதில்லை. ஏறினேன். பையில் நோட்டு.

ருக்மணி அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. நானாகவே எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டை நீட்டினேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீயே படி."

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. வசந்தா ஒன்றாவது படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது, இந்த நோட்டு எழுதத்தான். டாக்டர் வீட்டிலிருந்து வந்த நாளிலிருந்து படித்தேன். முதல் பக்கங்கள் கோழி கிளறிய மாதிரி, எனக்கே புரியவில்லை. முறுக்கு, நல்லெண்ணெய், ஒன்றும் இல்லை. வடை, கோயில், கழுத்தில் தடிப்பு. பக்கத்து வீட்டுத் துவையல், மூச்சு, ஆஸ்பத்திரி. முறத்தில் அவர்கள் கை ஓடிக்கொண்டே இருந்தது.

"மின்னாடியே சொன்னா வேணான்னு சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

"போன வருஷம் சொன்னாங்க."

முறத்தை ஒரு தரம் குலுக்கிவிட்டு, "சாமி பேர்ல சொன்னதுதான் எனக்கு ஆறல" என்றார்கள்.

"எனக்கும் ஆறலைங்க."

ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்கள். "ஆமா, அந்த அப்பளத்த அது வாங்கித் தின்னிருந்தா?"

"அங்கேயே விழுந்திருப்பா."

கை நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "அது வெக்கப்படுதுன்னு நெனச்சேன். ஊட்டியே வுட்டுருப்பேனே நானு. இந்தக் கையாலயே."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "போய்ட்டு வா. பையன் வரட்டும்" என்றார்கள். அவ்வளவுதான். சரி என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். "நீயா போன?" என்றாள். ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 1, வெள்ளி

தகவல் இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை. விளக்குக்குத் திரி திரித்தேன். வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டு மூன்று தரம் எழுந்தேன். தபால்காரர், பால்காரர், இவர்.

3, ஞாயிறு

பனி குறைந்திருக்கிறது. காலை பத்தரை. இவர் பனியனோடு தென்னங்கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். படலைத் திறந்துகொண்டு ருக்மணி அம்மா. பின்னால் தனபால். தரகர் இல்லை. இவர் மண் கையோடு கும்பிட்டுவிட்டுச் சட்டை தேடி உள்ளே ஓடினார். போட்டுக்கொண்டது உள்பக்கம் வெளியில். பையன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ருக்மணி அம்மா இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கித் திறந்தார்கள். முறுக்கு. ஒன்றை எடுத்து, பேசாமல், வசந்தா முன் நீட்டினார்கள்.

என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வசந்தா கையை நீட்டவில்லை. பின்னாலும் கட்டிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இன்னா எண்ணெயில சுட்டீங்க அத்தே?"

அத்தே என்று கூப்பிட நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தேங்காயெண்ண. புதுச் சட்டி. மாவு இடிக்கிறதுக்கு மின்னாடி ஒரலக்கூட ரெண்டு தபா கழுவுனேன், நம்புறியா?"

"நம்புறேன்" என்று வாங்கிக்கொண்டாள். தனபால் அப்போதுதான் மூக்கு வியர்வையைத் துடைத்தான்.

ஒரு முறுக்கு முழுசாகத் தின்றாள். இவர் வாசலில் தனபாலிடம் தென்னங்கன்றைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அரை மணி நேரம் வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல், அந்த அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.