இடது பக்கத்துச் சிப்பு

ஜூன் 8, ஞாயிறு
வீட்டில் பாட்டு கேட்கும் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் இன்னும் மந்தம்தான். வயலின் கேட்கிறது, வில் உரசுவது கேட்கவில்லை. ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் ஆப்-ஆம்ப் சிப்பை இன்றும் மாற்றினேன். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எட்டுக் கால் வைத்த கருப்பு வண்டு மாதிரி இருக்கும், பிடுங்கி மாட்ட வேண்டியதுதான். வலது பக்கம் அப்பப்பா, என்ன சுத்தம்! இடது? சனியன். இது மூன்றாவது ஜோடி.

ஜூன் 11, புதன்
கோர்ட்டில் திட்டு. ஜட்ஜ் அய்யா சொல்லும் தீர்ப்பில் மறுபடி இரண்டு வரி விட்டுவிட்டேன். "இன்னொரு தடவ ஆச்சுன்னா ரெக்கார்டு ரூமுக்கு மாத்திடுவேன்மா" என்றார். இருபது வருஷ ஸ்டெனோ நான்! அவர் முணுமுணுத்தால் நான் என்ன செய்வேன்? அவர் வாயிலும் ஒரு சிப்பு மாற்றணும்.

ஜூன் 14, சனி
ஆம்ப்ளிஃபயரைத் துண்டில் சுற்றி, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கீழவீதிப் பக்கம் ரேடியோ மெக்கானிக் கண்ணாயிரம் கடை. அந்த மனுஷன் வேலை செய்வதைப் பார்க்கணும்! இடது சிப்பை வலதில் மாட்டினார், வலதை இடதில்.
"இப்ப எப்டிக்கா?"
"இடதுதான் மந்தம்."
ஸ்பீக்கர் வயரையும் மாற்றிச் சொருகினார். அப்போதும் இடதுதான். என் நாற்காலியைத் தட்டினார்.
"யக்கா, அப்படியே செவுத்தப் பாத்துத் திரும்பி ஒக்காருங்க."
திரும்பினேன். அதுவரை கணீரென்று பாடிய ஸ்பீக்கர் இப்போது என் இடது கைப்பக்கம். அதுவும் மந்தமாகிவிட்டது.
"பொட்டி நல்லாருக்குது. காதத்தான் காட்டணும்க்கா."
"எம் பொழப்பே காதுதான்யா!" என்று கத்தினேன். கோபப்படவில்லை அவர். பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, என் வலது பக்கமாகவே பேசிக்கொண்டு வந்தார். மூன்று ஜோடி சிப்பு மாற்றியும் எனக்குத் தெரியாததை, ஒரு நாற்காலியைத் திருப்பிக் கண்டுபிடித்த ஆள்.

ஜூன் 15
அழுதேன். வீட்டுக்காரர் இளவரசு, "கூப்ட்டா திரும்ப மாட்டேங்கிற, கோவமா இருக்கன்னுல்ல நெனச்சேன்" என்கிறார். எத்தனை மாசமாவாம்? அதையும் சொல்லத் தெரியல அவருக்கு. பயமா இருக்கு.

ஜூன் 19, வியாழன்
இடது காதில் நரம்பு தளர்ந்திருக்கிறதாம். போனது வராது. வலது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஜூன் 23, திங்கள்
காலையில் நானே அய்யாவிடம் போய்ச் சொன்னேன். "மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா?" என்று என் நாற்காலியை மேடைக்கு அந்தப் பக்கம், என் வலது காது அவரைப் பார்க்கிற மாதிரி போடச் சொன்னார்.

இருபத்திரண்டு பக்கத் தீர்ப்பு. ஒரு வார்த்தை விடவில்லை. கண்ணாயிரத்துக்குத்தான் முதல் போன் போட்டேன்.

அய்யா முணுமுணுக்கிற ஆளே இல்லை.