பச்சையில் மட்டும்

மார்ச் 4
பச்சை ஒளியில் என் லென்ஸ் அற்புதம். வெள்ளை வெளிச்சம் போட்டால் போச்சு. எல்லாவற்றையும் சுற்றி வானவில் அழுக்கு. லென்ஸ் என்றால் எள்ளில் பாதி அகலத்துக்கு ஒரு தட்டைச் சில்லு, அதன்மேல் கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான தூண்கள். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் போகும் கேமராவுக்கு. நிறம் மட்டும் சேர மாட்டேன் என்கிறது, சனியன்.

மார்ச் 5
மேலாளர்: "மாசக் கடைசியில லென்ஸைப் பார்க்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வர்றாங்க. பிடிக்கலைன்னா கடையைச் சாத்த வேண்டியதுதான்."
என்னை வேறு பிரிவில் போடுவார்கள். தூண்காரியை? நான் வரைவதைத் தூண்களாகச் செதுக்குபவள் அவள்தான். ஒப்பந்த வேலை. வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 12
எல்லா நிறத்துக்குமான புதிய வடிவம் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் பாதித் தூண்கள் சாய்ந்து கிடக்கின்றன.
தூண்காரி: "இவ்ளோ ஒல்லியா, இவ்ளோ உயரமா வரைஞ்சா? பாருங்க, குடிச்சிட்டு வீட்டுக்குப் போற கூட்டம் மாதிரி ஒண்ணு தோள்ல ஒண்ணு சாய்ஞ்சு நிக்குது."
"செதுக்கத் தெரியலைன்னு சொல்லுங்க" என்றேன்.
அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 13
டீ குடிக்க வேறு மேசைக்குப் போய்விட்டாள். எனக்கென்ன?
எனக்கென்னவா!

மார்ச் 27
மேலாளர்: "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட பழைய லென்ஸையே காட்டுங்க, பச்சை விளக்கு மட்டும் போடுங்க. நிறத்தைப் பத்தி வாயைத் திறக்காதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

மார்ச் 28
திறந்துவிட்டேன்.
டாக்டரம்மா தன் கீழுதட்டைப் புரட்டி, அதன்மேல் கேமராவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது பச்சையில மட்டும்தான். மத்த நிறமெல்லாம் குப்பை" என்றேன். மேலாளர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.
"அதனாலதான் ரத்தக்குழாயெல்லாம் கறுப்புக் கோடா பளிச்சுனு தெரியுதா?"
"ஆமா. ரத்தம் பச்சையை விழுங்கிடும்."
"குழந்தைங்க தொண்டையில நான் தேடறதே ரத்தக்குழாய்க் கட்டியைத்தான், தம்பி. கலர் வேணும்னு உங்களை யார் கேட்டா?"
யாரும் கேட்கவில்லை. நாங்களும் அவரைக் கேட்கவில்லை. எத்தனை மாதம் — முட்டாள்கள்!

மார்ச் 30
தூண்காரியிடம், "விழுந்தது என் வரைபடத்தால. உங்க கையால இல்ல" என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.
"அன்னைக்கே தெரியும்" என்றாள். "உங்களுக்குத்தான் தெரியல."

ஏப்ரல் 16
இன்னும் சிறிய லென்ஸ் கேட்டிருக்கிறார் டாக்டரம்மா. வரைந்ததை அனுப்பாமல் தூண்காரி மேசைக்கே எடுத்துப் போனேன். ஓரத்துத் தூண்கள்மேல் விரலை வைத்து, "இதுங்க நிக்காது" என்றாள். அந்த ஓரம்தான் அவ்வளவு அழகாக வந்திருந்தது.
அழித்தேன்.