டிக்கியில் போன சீட்

மணவாள நகர்,
ஞாயிறு.

அன்புள்ள ஸ்டீவன் அண்ணனுக்கு, தம்பி ஜோஷ்வா எழுதுவது. எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டுமாம். அம்மா, அப்பா நலம். நான் இல்லை. என் போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் இந்த லெட்டர்.

பாப்பா ஏஞ்சலுக்கு கார் சீட் வேண்டும் என்று ஓசூரிலிருந்து நீதான் கேட்டாய். "சீட் பெல்ட் கம்பெனில கீறவன், உனக்குத்தான்டா தெரியும்" என்றாய். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனிடம் நீ யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நீங்கள் காரில் இங்கே வந்தபோது, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ரெண்டு நாள் லீவு போட்டேன். கலரைப் பார்த்து வாங்காதே, உன் காரில் வைத்துப் பார்த்து வாங்கு என்று உன்னைக் கடை கடையாக இழுத்தேன். மூணாவது கடையில்தான் சீட்டின் கொக்கி உன் கார் கம்பியில் டக்கென்று மாட்டியது. பதினாலு மாசக் குழந்தை, அதனால் பின்பக்கம் பார்த்த மாதிரி பூட்டினேன். அண்ணிகூட "இன்னா ஜோஷ்வா, ராக்கெட்டா வுடப்போற?" என்று சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் வேளாங்கண்ணிக்குக் கிளம்பும்போது, புதுச் சட்டையோடு நின்ற என்னிடம், "முன்னால அப்பா, பின்னால அம்மா, அண்ணி, சீட்டு. எடம் பத்தலடா, நீ அட்த்த தபா வா" என்றாய். பாப்பாவுக்காகத்தானே என்று பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலம் அண்ணி ஸ்டேட்டஸில் போட்டோ. நான் சீட் பூட்டிய இடத்தில் அண்ணியின் தம்பி அன்புராஜ். ஏஞ்சல் முன்னால், அப்பா மடியில். திரும்பி வந்த அம்மாவைக் கேட்டேன். "சீட்டு டிக்கில கீதுடா. தாம்பரத்துல அன்புராஜ ஏத்தணும்னு மொதல்லயே பேசிக்கினாங்க" என்று உளறிவிட்டது.

முதலிலேயே. நான் குனிந்து பூட்டும்போதே உனக்குத் தெரியும். படிக்காத தம்பி கூட வந்தால் வெட்கம் என்றால் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். குழந்தை பேரைச் சொல்லி ஏமாற்றினாயே!

கிறிஸ்துமஸுக்கு அண்ணி ஊருக்குப் போகிறீர்களாம். எனக்கு இடம் கேட்கவில்லை. அந்த சீட்டை எடுத்துப் பூட்டு. அடியைப் பிடித்து ஆட்டிப் பார், அசையக் கூடாது. முன்னால் மடியில் வைக்கவே வைக்காதே, ஏர்பேக் விரிந்தால் அவள்மேல்தான் அடிக்கும். பெல்ட்டை இழுத்து அறுத்துச் சோதிக்கும் மெஷின் பக்கத்தில் தினமும் நிற்கிறவன் சொல்கிறேன், வண்டி மோதினால் வரும் இழுப்பை அப்பாவின் கை தாங்காது. அழுதால் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூக்கு.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். என் இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடு அண்ணா. பாப்பா இடத்தைக் கொடுக்காதே.

இப்படிக்கு,
ஜோஷ்வா